காலடிகளில் வாழ்ந்த கலை: ருக்மிணி தேவி அருண்டேல்

கலைகளுள் ஏட்டில் எழுதி வைக்கக்கூடியவை சில. எழுத இயலாதவை சில. புலவர் மறைந்தாலும் அவர் பாட்டு ஓலையில் நிற்கும். சிற்பி மறைந்தாலும் அவன் செதுக்கிய கல் நிற்கும். நடனம் அப்படியன்று. அது ஆடுகின்றவரின் உடலிலே குடியிருக்கிறது. ஒரு தலைமுறை அதைக் கற்றுக்கொள்ளத் தவறினால், ஆடியவரோடு ஆட்டமும் மண்ணுக்குள் போய்விடும். அவ்வாறு போகவிருந்த ஒரு கலையை, அதை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே தேடிச் சென்று கற்று, மீண்டும் தழைக்கச் செய்த பெண்மணியரில் ஒருவர் திருமதி ருக்மிணி தேவி அருண்டேல். அவருடைய வாழ்க்கை நம் மாணவியர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியதாகும்.

இத்தகைய ஆபத்து நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்து தேசத்தில் 1651-ஆம் ஆண்டில் ஜான் பிளேஃபோர்டு என்பவர் நாட்டு நடனங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எந்த இசைக்கு ஆடுவது, ஆடுவோர் எப்படி வரிசையில் நிற்பது, எப்படி இடம் மாறுவது என்பவற்றையெல்லாம் அதில் காணலாம். ஆனால் காலை எப்படி எடுத்து வைப்பது என்பது மட்டும் ஏறக்குறையச் சொல்லப்படவேயில்லை. அக்காலத்தில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டார்கள் போலும்! காலம் ஓடியது. தெரிந்தவர்கள் மறைந்தார்கள். நூல் இருந்தது, நடையை அதிலிருந்து அறிய வழியில்லை. செசில் ஷார்ப் என்னும் இசையாசிரியர் 1899-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அருகே ஹெடிங்டன் என்னும் சிற்றூரின் எளிய மக்கள் ஆடக் கண்டார். மறுநாளே அவர்களுக்கு வாசித்த வில்லியம் கிம்பர் என்பவரை அழைத்து இசையைக் குறித்துக்கொண்டார். அதன்பின் ஊர் ஊராகச் சென்று முதியவர்களிடம் நடனங்களைக் கேட்டு எழுதி, பழைய நூலையும் ஆராய்ந்து, 1911-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு நடனச் சங்கத்தை நிறுவினார். பலர் கூடி எட்டு என்ற எண்ணின் வடிவில் பின்னிப் பின்னி ஆடும் ரீல் முதலிய நடனங்களைக் காப்பதற்காக, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1923-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் எழுந்தது. அதற்குக் காரணமாயிருந்தவர்கள் ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட் என்னும் இரு பெண்மணிகள்.

நம் தமிழகத்திலும் நிலைமை இதுவே. சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. பரத முனிவரின் நாட்டிய சாத்திரத்தில் அவற்றின் இலக்கணமும் உண்டு. ஆனால் கல் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். அந்த நிலைக்கு உடல் எப்படி வந்தது, அதிலிருந்து எப்படி விலகியது என்பதைக் கல் சொல்லாது. அதைச் சொல்ல உயிருள்ள ஓர் ஆசிரியர் வேண்டும்.

இளமைப் பருவம்

ருக்மிணி தேவி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் நாள் அது. தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழிப் புலமை உடையவர். தாயார் சேஷம்மாள் இசையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். தந்தையார் ஓய்வு பெற்றபின் குடும்பம் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு அருகில் வந்து குடியேறியது. அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்பும், அச்சபையின் தலைவர்களுள் ஒருவரான ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயக் கல்வியாளரின் அறிமுகமும் ருக்மிணிக்குக் கிட்டின.

1920-ஆம் ஆண்டில், தமது 16-ஆம் வயதில், ருக்மிணி அருண்டேலை மணந்துகொண்டார். அந்தணர் குலத்துப் பெண் ஓர் அயல்நாட்டவரை மணப்பதா என்று சென்னை நகரமே கொதித்தது. ஊரார் பேச்சு என்பது எவ்வளவு கூர்மையானது என்பதை அந்த இளம் வயதிலேயே அவர் அனுபவித்து அறிந்தார். பிற்காலத்தில் ஊர் முழுவதும் எதிர்த்தபோதும் அவர் கலங்காமல் நின்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

கடல் கடந்த நட்பு

கணவருடன் உலகின் பல நாடுகளுக்கும் அவர் பயணம் செய்தார். 1928-ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டு நடன மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பம்பாயில் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் பாவ்லோவாவும் இருந்தார். அங்கே நட்பு மலர்ந்தது. மேலை நாட்டு பாலே நடனத்தைக் கற்க ருக்மிணி விரும்பவே, தம் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பயில பாவ்லோவா ஏற்பாடு செய்தார். ஆனால் அத்துடன் அவர் நிற்கவில்லை. சொந்த நாட்டின் கலைகளைத் தேடிப் பார்க்கும்படியும் அறிவுரை கூறினார். 1931-ஆம் ஆண்டு ஜனவரியில் பாவ்லோவா காலமானார். தாம் விதைத்த சொல் முளைத்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சதிர் என்னும் பழங்கலை

அந்நாளில் நம் நாட்டில் இருந்த நடனத்தின் பெயர் சதிர். கோயில்களிலும் அரசவைகளிலும் தேவதாசியர் எனப்பட்ட பெண்கள் ஆடி வந்தார்கள். இன்று நாம் காணும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் கச்சேரி முறையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்கு செய்தவர்கள், தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள். அவர்கள் வழிவந்த நட்டுவனார் குடும்பங்கள் கற்றுத் தர, தேவதாசிப் பெண்கள் ஆட, கலை வளர்ந்தது.

ஆயினும் அரசுகள் மறைந்தன, ஆதரவு குறைந்தது. அப்பெண்களின் வாழ்வு அவலமாயிற்று. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தால் விளைந்த கொடுமைகளைக் கண்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதை ஒழிக்கப் பாடுபட்டார். அப்பணி நீதியானது; 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டிற்று. ஆனால் கொடுமையைச் சாடிய சமூகம் கலையையும் சேர்த்தே வெறுத்தது. சதிர் என்ற சொல்லையே கண்ணியமான வீடுகளில் உச்சரிக்கத் தயங்கினார்கள். குழந்தையைக் காக்க வேண்டும். கலையையும் காக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது? இதுதான் அக்காலத்தின் பெரிய வினா.

வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் இதற்காக அரும்பாடு பட்டார். பெண் வேடம் பூண்டு தாமே மேடையேறி ஆடிக் காட்டினார், பத்திரிகைகளில் வாதாடினார். சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் நிகழ்ச்சிகள் நடைபெற வழி செய்தார். சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் ஊன்றியதும் 1930-களில்தான்.

குருவைத் தேடி

1933-ஆம் ஆண்டில் மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் சகோதரிகளான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரும் ஆடியதை ருக்மிணி தேவி கண்டார். அதற்கு முன் அவர் சதிரைக் கண்டதேயில்லை. உலகமெல்லாம் சுற்றித் தேடிய பொருள் தம் வாசலிலேயே இருந்தது அவருக்குப் புலனாயிற்று.

அவர் செய்ததைக் கவனியுங்கள். நூலகத்துக்குச் சென்று நூல்களைப் புரட்டி, சிற்பங்களைப் பார்த்து, தாமாகவே ஒரு நடனத்தைக் கட்டிக்கொள்ள அவர் எண்ணவில்லை. கலையை உடலில் வைத்திருந்தவர்களிடம் சென்றார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலோடு தொடர்புடைய தேவதாசி மரபில் வந்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். அபிநயத்தில் ஈடு இணையற்றவர். அவரிடம் ருக்மிணி தேவி பயின்றார். பின்னர், தஞ்சை நால்வரின் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை வேண்டினார். பெரியவர் முதலில் தயங்கினார். வேறு குலம்; திருமணமானவர்; வயதோ 30-ஐ நெருங்கியது; அந்த வயதில் உடல் வளையுமா? தயக்கம் இயற்கையே. ஆனாலும் மாணவியின் உறுதியைக் கண்டு இசைந்தார்.

நடனம் பயிலும் நம் சிறுமிகளுக்கு அது எவ்வளவு கடினம் என்பது தெரியும். அரைமண்டியில் அமர்ந்து, முதுகு நிமிர்ந்து, முழங்கால்கள் இருபுறமும் விரிய நிற்க வேண்டும். தட்டடவு, நாட்டடவு, குத்தடவு என்று ஒவ்வோர் அடவாகப் பயில வேண்டும். குரு தட்டுக்கழியால் தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்ல, அதே அடவை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என மூன்று வேகங்களிலும் பிசகின்றி ஆட வேண்டும். எழுத்துகள் சேர்ந்து சொல் ஆவதைப் போல, அடவுகள் சேர்ந்துதான் கோவை ஆகும். ஐந்து வயதில் தொடங்குவதை முப்பது வயதில் தொடங்கிய மாணவியின் துணிவை என்னென்பது!

1935-ஆம் ஆண்டின் இறுதியில், அடையாற்றில் நடந்த பிரம்மஞான சபையின் வைர விழா மாநாட்டில் ருக்மிணி தேவியின் முதல் அரங்க நிகழ்ச்சி நடைபெற்றது. முகம் சுளித்தவர்கள் பலர்; வந்து பார்த்தபின் மனம் மாறியவர்களும் பலர். அன்று முதல், தம் பெண்ணுக்கு நடனம் கற்பிக்கத் தயங்கிய பெற்றோர் சிறிது சிறிதாகத் துணியலாயினர்.

ஒரு மரமும் ஒரு மாணவியும்

1936-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ருக்மிணி தேவியும் அவர் கணவரும் ஒரு கலைக்கூடத்தை நிறுவினர். பின்னர் கலாக்ஷேத்திரம் என்று உலகப் புகழ் பெற்றது அதுவே. ஒரு மரத்தடியில் ஒரே ஒரு மாணவியோடு அது தொடங்கியதாகக் கூறுவார்கள். அந்த மாணவி, அம்மையாரின் அண்ணன் மகள் ராதா.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவரையடுத்துச் சொக்கலிங்கம் பிள்ளையும், கௌரி அம்மாளும் அங்கே கற்பித்தார்கள். வாய்வழியே வந்த அடவுகள் வரிசைப்படுத்தப்பட்டு, ஆண்டுதோறும் படிப்படியாகக் கற்பிக்கும் பாடத்திட்டமாயின. நட்டுவாங்கம் செய்வது நட்டுவனார் குலத்து ஆண்களுக்கே உரியதாயிருந்த காலத்தில், நெருக்கடி ஒன்று நேர்ந்தபோது அம்மையாரே தாளம் கையிலெடுத்து மாணவியின் அரங்கேற்றத்தை நடத்தி வைத்தார். இன்று பெண்கள் நட்டுவாங்கம் செய்வதை யாரும் வியப்பதில்லை.

மேடையையும் அவர் மாற்றினார். முன்பெல்லாம் பக்கவாத்தியக்காரர்கள் ஆடுபவரின் பின்னால் நின்றுகொண்டே வாசித்து, அவரோடு முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்களை ஒரு புறமாக அமரச் செய்தார். கோயிற் சிற்பங்களைப் பார்த்து உடையையும் அணிகளையும் வடிவமைத்தார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944-ஆம் ஆண்டில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். அதற்கும் பழைய மரபில் வந்த காரைக்கால் சாரதாம்பாள் அம்மாளின் துணையை நாடினார். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஆண்கள் மட்டுமே நடித்து வரும் பாகவத மேளம் அருகி வந்தபோது, அதன் நாடகங்களையும் அவ்வூர்ப் பெரியவர்களிடமிருந்து கற்று மேடையேற்றினார். 1955 முதல் 1970 வரை இராமாயணம் முழுவதையும் ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார்.

ஓலைகளும் அடவுகளும்

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் 1942-ஆம் ஆண்டில் மறைந்தார். ஊர் ஊராக நடந்து அவர் சேர்த்த ஓலைச் சுவடிகள் சிதறிப் போகாதிருக்க, 1943-ஆம் ஆண்டில் அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்றை அமைத்தவரும் ருக்மிணி தேவிதான். இது பலரும் அறியாத செய்தி. செல்லரித்த ஓலையில் இருந்த தமிழை ஐயர் மீட்டார்; முதியோர் காலடியில் இருந்த ஆட்டத்தை அம்மையார் மீட்டார். இரண்டும் ஒரே தொண்டின் இரு பக்கங்கள் அல்லவா?

இரு பெரும் கலைஞர்கள்

உண்மையை முழுவதும் சொல்ல வேண்டுமானால் ஒன்றை மறைக்கலாகாது. அம்மையார் செய்த மாற்றங்களை எல்லோரும் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த குடும்பத்தில் பிறந்தவர் நாட்டியப் பேரரசி தஞ்சாவூர் பாலசரஸ்வதி. அவரும் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றவரே. சிருங்காரம் என்னும் காதற்சுவையே இந்நடனத்தின் உயிர், அதில் அசுத்தம் எதுவும் இல்லை, எனவே தூய்மைப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை என்பது அவர் கொள்கை. ருக்மிணி தேவியோ பக்திச் சுவையை முன்னிறுத்தி, மற்றவற்றைக் குறைத்தார். அறிஞர்கள் இன்றும் இதைப் பற்றி வாதிடுகிறார்கள்.

இன்னொரு வருத்தமும் உண்டு. பரதநாட்டியம் கண்ணியமான குடும்பங்களின் கலையாக உயர்ந்தபோது, அதுவரை அதைக் காத்து வந்த பெண்களில் பலர் மேடையிலிருந்து மறைந்தே போனார்கள். அவர்கள் பெண்களுக்கும் பேத்திகளுக்கும் ஆடும் வாய்ப்புக் குறைந்தது. கலை பிழைத்தது, காத்தவர்களை ஊர் மறந்தது. இதற்கு ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் சலங்கை கட்டும் ஒவ்வொரு சிறுமியும், ருக்மிணி தேவியின் பெயரோடு 1971-ஆம் ஆண்டில் மறைந்த கௌரி அம்மாளின் பெயரையும், மேடையில் ஆடி ருக்மிணி தேவியின் கண்ணைத் திறந்த பந்தநல்லூர் சகோதரிகளின் பெயரையும் நன்றியோடு நினைத்துக்கொள்வது முறையாகும்.

மற்றைய தொண்டுகள்

நடனத்தோடு அம்மையாரின் பணி முடியவில்லை. 1939-ஆம் ஆண்டில் குழந்தைக் கல்வி மேதை மரியா மாண்டிசோரி அம்மையார் இந்தியா வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது அருண்டேல் தம்பதியரின் அழைப்பினால்தான். கைத்தறி நெசவுக்கும், இயற்கைச் சாயமிடும் கலம்காரி ஓவியத்துக்கும் கலாக்ஷேத்திரத்தில் இடம் தந்தார். 1945-ஆம் ஆண்டில் கணவர் மறைந்தார். அந்தத் துயரையும் தாங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்.

1952-ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, பத்தாண்டுகள் அங்கே உறுப்பினராயிருந்தார். வாயில்லாப் பிராணிகளுக்காக அவர் இடைவிடாமல் வாதாடியதன் பயனே 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-ஆம் ஆண்டில் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவர். 1956-இல் பத்மபூஷண் விருதும், 1967-இல் சங்கீத நாடக அகாடமியின் உயர் தகுதியும் அவருக்குக் கிடைத்தன. 1977-ஆம் ஆண்டில் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு கேட்டபோது, அம்மையார் அதை வேண்டாமென்று மறுத்துவிட்டார். பதவியைவிடப் பள்ளி பெரிதாகத் தோன்றியது போலும்.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1993-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் வாயிலாகக் கலாக்ஷேத்திரத்தைத் தேச முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

நமக்கு ஒரு பாடம்

மாணவியரே! மரக்காணம் உப்பளங்களை ஒட்டிச் செல்லும் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், அது நம்மைத் திருவான்மியூருக்குக் கொண்டுபோய் விடும். அங்கே வெறும் கடற்கரை மணலாகக் கிடந்த ஏறக்குறைய 100 ஏக்கர் நிலத்தில் மரம் வளர்த்து, 1962-ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தைக் குடியேற்றினார் அம்மையார். நமக்கு அருகில் உள்ள ஆரோவில்லும் 1968-ஆம் ஆண்டில் தொடங்கியபோது மழைநீர் அரித்த செம்மண் பொட்டலாகவே இருந்தது. மரம் நட்டவர்களின் உழைப்பினால் இன்று காடாக நிற்கிறது. இனி ஒன்றும் முளைக்காது என்று பிறர் கைவிட்ட நிலத்திலும் பொறுமையுள்ளவர்கள் நிழலை வளர்க்கிறார்கள். கலையும் அப்படித்தான்.

நாம் எல்லோரும் ருக்மிணி தேவி ஆக இயலாது. ஆனால் அவர் செய்த ஒன்றை நாமும் செய்யலாம். நம் ஊர்ப் பாட்டிமார்களில் சிலருக்கு இன்றும் பழைய கும்மியின் அடி தெரியும். கோலாட்டத்தின் பின்னல் தெரியும். நாற்று நடும்போது பாடிய பாட்டுத் தெரியும். அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம்; அழுக்குச் சேலை உடுத்தியவர்களாக இருக்கலாம். அதனால் அவர்கள் அறிந்தது சிறிதாகிவிடாது. அடுத்த விடுமுறையில் அவர்கள் அருகில் அமர்ந்து, கேட்டு எழுதுங்கள். எழுதுவதோடு நில்லாமல் எழுந்து, அவர்களோடு கைகொட்டி ஆடிப் பாருங்கள். தவறாக ஆடினால் அவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். ஏட்டில் ஏறாத அந்த ஓர் அடி அப்போது உங்கள் காலில் ஏறிவிடும். அதன்பின் அதைக் காப்பது உங்கள் பொறுப்பு.

வாழ்க அம்மையாரின் புகழ்! வாழ்க அவருக்குக் கற்றுத் தந்தவர்களின் பெயர்!